கல்லச்சில் இடம் மாறிய கை

எண்பதுகளில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தபோது, ஐரோப்பிய அச்சுப் படங்கள் அடங்கிய கனமான புத்தகம் ஒன்று நூலகத்தில் என் கையில் சிக்கியது. ராஜாவையும் சாமியையும் விட்டுவிட்டு ஓவியர்கள் உழவர் பக்கம் திரும்பிய காலத்துப் படங்கள். வைக்கோல் போரில் சாய்ந்திருக்கும் ஆண்கள், ஜாடியிலிருந்து ஊற்றிக்கொடுக்கும் பெண்கள். ஒருவர் முகத்திலும் வியர்வை கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கேலி செய்தாலும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. ஊற்றிக்கொடுக்கும் பெண்ணைப் பார்த்ததும் அண்ணி ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் யாரையும் கேட்காமல் கூட்டேரிப்பட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் அவர். கெடாரில் எங்கள் வீட்டில், அவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட அப்பா வாங்கமாட்டார். அம்மா காய்ச்சலில் படுத்த ஒரு நாள், அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லைக்கு அண்ணிதான் கேப்பைக் கூழ் கொண்டுபோனார். பசி தாங்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே அப்பா இரு கைகளையும் ஏந்தினார். லீவில் போயிருந்த நான் வரப்பில் உட்கார்ந்து அதைப் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

கல்லூரிக்குத் திரும்பி, அதையே கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் கல்லச்சில் போட்டேன். கல்லில் வரைவது தாளில் இடம் வலமாக விழும், அதனால் திருப்பி வரைய வேண்டும் என்று வாத்தியார் முதல் நாளே சொன்னதுதான். அண்ணியின் முகம் அத்தனை அழகாக அமைந்த ஜோரில், கை எந்தப் பக்கம் விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? பெருமையாகச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

படத்தை விரித்த அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா என் கையால வாங்கிக் குடிச்சது அந்த ஒரு நாளுதான் தம்பி. அதையும் பீச்சாங்கையால ஊத்தின மாதிரி போட்டுக்கினு வந்திருக்கீங்களே. எங்க அம்மா பார்த்தா என்னா நெனைக்கும்?"

கல், அச்சு என்று ஏதோ உளறினேன். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இவன் எங்க சரியா பார்த்தான்" என்றபடி தரையில் உட்கார்ந்தார். "கூழு இருக்குதா?"

அம்மா பானைப் பக்கம் போக எழுந்தார்.

"நீ குந்து. அது ஊத்தட்டும்" என்று கைகளை ஏந்தினார் அப்பா.

அண்ணி சொம்பை எடுத்தார். ஒரேயடியாகச் சாய்த்ததில் அப்பாவின் மணிக்கட்டெல்லாம் கூழ் வழிந்தது.

"மெதுவா ஊத்தும்மா" என்றார் அப்பா, அண்ணியின் முகத்தைப் பார்த்து. "நான் எங்கியும் போவல."