சுவர்ப் பக்கத்துக் கை

எழுபது வயதாகியும் ஊர் அவரைச் சின்ன மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. பெரிய மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்து தொலைத்ததுதான் காரணம். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே பட்டறையில் ஐம்பது வருடம் கல் செதுக்கியவர்கள். ஆனால் பெரியவர் செதுக்கினால் சிற்பி, சின்னவர் செதுக்கினால் கல்வேலைக்காரர். மாமனார் வீட்டில் பெரியவருக்குச் சாய்வு நாற்காலி, சின்னவருக்கு ஸ்டூல். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இப்போது ஊரே கூடிப் பெரியவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. நூலகர் வீடு தேடி வந்தார்.

"அவரைப் பத்தி உங்களை விட யாருக்குத் தெரியும்? ஒரு பத்து நிமிஷம் பேசணும்."

"பேசிட்டாப் போச்சு. நல்லாவே பேசுறேன்."

நூலகர் போனதும் மனைவி முறைத்தாள். "ஏடாகூடமா எதையாவது உளறி வைக்காதீங்க. நான் அக்கா மூஞ்சில முழிக்கணும்."

"உங்க அத்தான் என்ன ஆகாசத்துல இருந்தா குதிச்சாரு?"

சின்னவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. பெரியவருக்குப் பேர் வாங்கித் தந்தது நூலக வாசலில் நிற்கும் சிறுமி சிலை. புத்தகத்தை வலது கையால் முதுகுக்குப் பின்னே ஒளித்துக்கொண்டு திருட்டு முழி முழிப்பாள். அந்த முகத்தில் சொக்காதவர் கிடையாது. ஒளித்த கை சுவரை ஒட்டியிருந்ததால் யாரும் அதைப் பார்த்ததில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள் சின்னவர் அந்த இடுக்கில் கையை விட்டுத் தடவினார். கட்டைவிரல் தப்பான பக்கம்! வலது தோளிலிருந்து இறங்கும் கையில் இடது கையின் விரல்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு கூடுதலாகவே இறங்கியது.

அதன்பின் யார் பெரியவரைப் புகழ்ந்தாலும் 'கட்டைவிரல்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். நெஞ்சு குளிர்ந்துவிடும். அதை ஊர் முன்னால் போட்டு உடைக்கும் நாளும் வந்தது.

விழாவுக்காகச் சிலையை நகர்த்திக் கூடத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். சின்னவர் முதல் ஆளாகப் போய்ப் பின்பக்கம் நின்றார். மெருகு போடாத கை. ஜன்னல் வெளிச்சத்தில் உளித் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. எல்லாத் தடமும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. பட்டறையில் இடது கையால் சுத்தியல் பிடித்தவர் ஒரே ஒருவர்தான்.

முப்பத்தைந்து வருடமாக மறந்தே போயிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. பெரியவருக்கு மணிக்கட்டு சுளுக்கிய அந்த வாரம், கெடு நெருங்கிவிட்டதென்று முதுகுப் பக்கத்தை முடித்துக் கொடுத்தது இவர்தான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையையே மாதிரியாக நீட்டிப் பார்த்து விரல் செதுக்குவது பட்டறை வழக்கம். மற்றவர்களுக்கு அது வலது கை. இவருக்கு இடது.

"என்ன சகலை, பாத்துட்டீங்களா?" பின்னால் பெரியவர் நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். தோட்டத்து நடுவுல, சுத்தி வந்து பாக்குற மாதிரி வைக்கணும்னாங்க. நான்தான் முடியாது, சுவத்தை ஒட்டித்தான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

"எங்கிட்ட சொல்லலையே!"

"சொல்லியிருந்தா உளியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பீங்க. உங்க ரோஷம் எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். விழா தொடங்கியதும் மைக் முன்னால் போய் நின்றார். முன்வரிசையில் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எல்லாரும் அந்தப் பொண்ணுக்குப் பின்னால போய்ப் பாருங்க," என்றார். "கை தப்பா இருக்கும். அது நான் செஞ்சது. முப்பத்தஞ்சு வருஷமா சுவத்துல மறைச்சு வச்சவரு அவரு."

கூட்டம் போய்ப் பார்த்தது. பிறகு எல்லோரும் பெரியவர் பக்கம் திரும்பிக் கை தட்டத் தொடங்கினார்கள். எந்தச் சிலைக்கும் அவருக்கு அப்படித் தட்டியதில்லை.

பாவி மனுஷன், இதையும் அவரே வாங்கிக்கொண்டார். சின்னவருக்கு வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. எரிச்சலோடு எரிச்சலாக அவரும் தட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும்.