சேறு இடம் மாறிய குளிர்காலம்

கன்னாவா என்ற வெந்நீரூற்று ஊரில், ஷிகேனோ அக்காவின் சத்திரத்தில் நான் வேலைக்கு இருந்தேன். அறுவடை முடிந்ததும் விவசாயிகள் அரிசியும் முள்ளங்கியும் சுமந்து வந்து தங்குவார்கள். கொல்லையில் நிலத்திலிருந்து கிளம்பும் ஆவியில் அவர்களே சமைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் குழியில் சாம்பல் நிறச் சேறு பொதபொதவென்று கொதிக்கும். அதை ஆறவைத்து முழங்காலில் பூசிக்கொண்டு, மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கந்தக வாசனை எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஒரு குளிர்காலத்தில் சேறு அடங்கிவிட்டது. ஆவியும் மெலிந்தது, முட்டைகூட வேகவில்லை. வந்தவர்கள் வேறு சத்திரங்களுக்குப் போனார்கள். சத்திரத்தை மூடினால் அக்கா ஒசாகாவில் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"அங்க போனா நான் விருந்தாளி. டீயைக் கையில குடுத்து உக்கார வெச்சிடுவாங்க" என்றாள். பிறகு, "சேறு சாகாதுடி. வேற எங்கயோ போயிருக்கு. பூனைங்க எங்க படுக்குதுன்னு பாரு" என்றாள்.

காலையில் தெருவெல்லாம் உறைபனி வெளுத்திருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குமாஜியின் வெங்காயப் பாத்தி மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. ஓரத்தில் பூனைகள் சுருண்டிருந்தன, நடுவில் சேறு கொப்புளித்தது. எங்கள் ஆவி பட்டு ஒருமுறை அவருடைய வெங்காயம் கருகியதிலிருந்து குமாஜி அக்காவோடு பேசுவதில்லை. அன்று கல் நிரப்பிய கூடையோடு நின்றவர், வேலியருகே வந்த அக்காவிடம் சொன்னார்:

"உன் சேறு சொல்லாம கொள்ளாம இங்க வந்துடுச்சு. கூட்டிட்டுப் போ."

"நானா அனுப்பினேன்? என்கூட இருக்கப் பிடிக்கல. உங்ககூட எத்தனை நாள் தாங்குதுன்னு பாப்போம்."

"வெங்காயம் பூரா வெந்து போச்சு."

"அப்ப தின்னுங்க. அடுப்பு வேலை மிச்சம்."

குமாஜி சிரிப்பை அடக்க இருமினார். அக்காவின் கண் கூடையிலிருந்த கற்களுக்குப் போனது.

"அண்ணே, அதை மூடிடாதீங்க" என்றாள், மெதுவாக.

அவர் கூடையைப் பார்த்தார். "இது பாத்தியைச் சுத்தி வரப்பு கட்ட. சேத்தை மூடினா ராத்திரி என் படுக்கைக்கு அடியில வந்து கொதிக்கும். எனக்கென்ன பைத்தியமா?"

உள்ளே போய் ரம்பம் எடுத்து வந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மூங்கில் வேலியை அறுத்தார். "உன் ஆளுங்களை வரப்பு மேல நடந்து வரச் சொல்லு."

அடுத்த அறுவடைக்கு அறைகள் நிறைந்தன. வந்தவர்களோடு குமாஜியும் முழங்காலில் சேற்றோடு உட்கார்ந்து, இல்லாத மருமகளைக் குறை சொல்வார். அக்கா சாகும்வரை ஒசாகா போகவில்லை. மகள்தான் வந்து, முதல் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டுப் போவாள்.