மானுவேலிட்டோவுக்கு எந்த இடம்

நிக்கனோர் என்னைவிட ஆறு வயது சின்னவன். அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். கூஸ்கோ நகர ஸ்டாண்டில் நின்று "மயுபாம்பா, மயுபாம்பா, இன்னும் ஒரு சீட்டு" என்று கத்தி, எங்கள் ஊர் ஷேர் கார்களுக்கு ஆள் நிரப்புவது என் வேலை. பதினேழு வருஷமாகக் கத்துகிறேன். என் தொண்டை கெட்டதற்குப் பாதிக் காரணம் நிக்கனோர். மற்ற டிரைவர்கள் ஆள் நிரம்பியதும் கிளம்பிவிடுவார்கள். இவன் அப்போதுதான் சாமான் அடுக்கவே ஆரம்பிப்பான்.

உருளைக்கிழங்கு மூட்டைதான் முதலில். டிக்கியின் தரையில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி வைப்பான். அதற்குப் பின்னால் சோளம். இலேசானதெல்லாம் மேலே. எதுவும் சீட்டு முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு ஒரு கயிறு இப்படி, ஒரு கயிறு அப்படி, பெருக்கல் குறி மாதிரி. கட்டி முடித்துக் கையால் ஓங்கித் தள்ளிப் பார்ப்பான். அசைந்தால் போச்சு, எல்லாவற்றையும் இறக்கி மறுபடி முதலிலிருந்து. மேல் கேரியரில் பாய், கூடை தவிர ஒன்றும் ஏற்ற மாட்டான். "மேல கனம் வச்சா வளைவுல வண்டி நம்ம பேச்சக் கேக்காது அக்கா" என்பான். மடியில் தெர்மாஸ் வைத்திருப்பவர்களிடமிருந்து பிடுங்கிக் கதவுப் பைக்குள் செருகுவான்.

பெரிய சாமானில் இத்தனை கறாரா, சின்னச் சாமானில் நேர் எதிர். ஊரிலிருந்து ஆள் ஆளுக்குக் கடிதம், மருந்துச் சீட்டு, சாவி என்று கொடுத்தனுப்புவார்கள். டேஷ்போர்டு, சீட்டுக்கு அடி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பொந்து என்று எங்கேயாவது திணிப்பான். எதை எங்கே வைத்தோம் என்பது அவனுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் சாவி அவனிடம் மாட்டிக்கொண்டது. சாமியார் பூசை உடையோடு வாசலில் நிற்கிறார். இவன் காரில் உள்ள ஒவ்வொரு பொந்தாகத் திறந்து பார்க்கிறான். கிடைத்தது பெனித்தா சித்தி மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

இவன் கவனமானவனா, கவனம் கெட்டவனா என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. ஆனால் அந்தப் பெருக்கல் குறிக் கயிறு எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

பதினாலு வருஷத்துக்கு முன் அவன் தன் பெண்டாட்டி எவுஃப்ராசியாவுக்கு ஒரு கைத் தையல் மெஷின் வாங்கினான். பலகைப் பெட்டியில் போட்டது. அடியில் வைத்தால் கீறல் விழும் என்று மூட்டைகளின் உச்சியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனான். அவள் பக்கத்து சீட்டில். வளைவில் செம்மறிக் கூட்டம் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். கார் நின்றது, மெஷின் நிற்கவில்லை. பின்னாலிருந்து பறந்து வந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்தது. பெட்டியின் மூலை அவளுடைய இடது காதில் பட்டது. அன்றைக்கு அவள் பிழைத்ததே பெரிது.

காயம் ஆறின பிறகு யார் விசாரித்தாலும் எவுஃப்ராசியா ஒரே பதில்தான் சொல்வாள்: "சத்தம் கொஞ்சம் மந்தமாக் கேக்குது, அவ்வளவுதான்." அந்த மெஷினிலேயே ஊருக்கெல்லாம் பாவாடை தைத்தாள்.

நிக்கனோர் தரையில் நிற்கும்போது வாயில்லாப் பூச்சி. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும். ஒரு நாள் காலிக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனபோது சொன்னான்.

"தப்பு என்மேலதான்னு அவகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன் அக்கா. வண்டி ஓட்டிக்கிட்டே, ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுவேன். அவ பாட்டுக்கு வெளிய பாத்துக்கிட்டு வருவா. ஒரு வார்த்த பதில் கிடையாது. கோவமா, மன்னிச்சுட்டாளா, ஒண்ணும் புரியல."

"வீட்டுல மூஞ்சிக்கு நேரா கேட்டுத் தொலையேன்."

"பயமா இருக்குக்கா."

இப்படி ஒரு ஆளிடம்தான் போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் குழந்தை இயேசுவை ஒப்படைத்தோம்.

அவரை நாங்கள் மானுவேலிட்டோ என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றரை அடி உயரம், சுண்ணக் களிமண் உடம்பு, கண்ணாடிக் கண். இரவில் எழுந்து வயலெல்லாம் ஓடுவார், அதனால்தான் அவருடைய செருப்பு தேய்கிறது, விரல் உடைகிறது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த வருஷமும் இரண்டு விரல் போயிருந்தது. திருவிழாவை எடுத்து நடத்தும் முறை பதினோரு வருஷம் காத்திருந்து எவுஃப்ராசியாவுக்கு வந்திருந்தது. அவள் புதுச் சட்டை தைத்து முடித்துவிட்டாள். விரல் ஒட்டக் கூஸ்கோவுக்கு அனுப்பிய குழந்தை, இருபத்து நாலாம் தேதி மத்தியானத்துக்குள் முழுசாக வந்து சேர வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் ஊர் சும்மா இருக்காது. இந்தப் பொம்பளை கையால் உடுத்திக்கொள்ள மானுவேலிட்டோவுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிடும். அந்தப் பேச்சு சாகிற வரைக்கும் போகாது.

அன்று காலை எவுஃப்ராசியா எனக்கு போன் போட்டாள். "அக்கா, அந்த மனுஷன் குழந்தைய டிக்கியில போட்டுருவான். விட்றாத. முன் சீட்டுல, மரியாதையா வரணும்."

நானும் அன்று ஊருக்குக் கிளம்பியிருந்தேன். நிக்கனோர் போர்வையில் சுற்றிய குழந்தையோடு ஸ்டாண்டுக்கு வந்ததும் சொன்னதைச் சொன்னேன். அவன் முகம் வெளிறியது.

"முன் சீட்டு பெல்ட்டு ஆளுக்குப் போட்டதுக்கா. இவரு சைசுக்கு அடியில நழுவிருவாரு."

"என் மடியில குடு. நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள், அதே வண்டிக்குக் காத்திருந்த பெனித்தா சித்தி.

"பிரேக் அடிச்சா உங்களயே யாராவது பிடிக்கணும் சித்தி."

"சின்னப் பிள்ளைய மூட்டையோட மூட்டையா டிக்கியில வைப்பியா? அப்படின்னா நான் இந்த வண்டியில ஏறல."

மற்ற இரண்டு பயணிகளும் ஏற மாட்டோம் என்றார்கள். ஒருவர் மானுவேலிட்டோவுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார். சாமி சாமானா, பயணியா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. எனக்கும் தலை சுற்றியது. நிக்கனோர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். டேஷ்போர்டைத் திறந்தான், மூடினான். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான். கடைசியில் எங்களையெல்லாம் சூப் குடித்துவிட்டு வரச் சொன்னான்.

திரும்பி வந்தபோது முன் சீட்டில் போர்வை மூட்டை உட்கார்ந்திருந்தது. பெல்ட் போட்டு, மேலே ஒரு கயிறு, பெருக்கல் குறி. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினோம். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. டிக்கிக்குள் குழியில் கிடக்கும் ஸ்டெப்னி டயர் மேல் கேரியரில் ஏறியிருந்தது. மேலே கனம் ஏற்றாதே என்று ஓதுகிறவன்.

"என்னப்பா இது?"

"காத்து வாங்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

வழியெல்லாம் நத்தையாக ஊர்ந்தான். வாயையும் திறக்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பெனித்தா சித்தி ஒளித்து வைத்திருந்த ஆரஞ்சுப் பை கிழிந்து பழமெல்லாம் உருண்டோடின. பிரேக் மிதிக்குக் கீழே ஒன்று போயிருக்கும் என்று வண்டியை நிறுத்தி, எல்லாப் பழத்தையும் எண்ணி எடுத்த பிறகுதான் நகர்ந்தான். முன் சீட்டு மூட்டை அசையவில்லை. நான் முன்னால் சாய்ந்து அதைத் தொட்டு, என் முட்டி வலியைப் பற்றி இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டேன்.

மயுபாம்பாவில் பேண்டு வாத்தியம் தயாராக நின்றது. பூ தூவினார்கள். எவுஃப்ராசியா புது உடுப்பில், கண் கலங்கி நின்றாள். நிக்கனோர் இறங்கின வேகத்தில் அவளிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டிக்கியைத் திறந்து மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டான்.

இந்தப் பக்கம் பெண்கள் முன் சீட்டு மூட்டையை வாங்கி, பேண்டு முழங்க வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

"இலேசா இருக்காரே" என்றாள் ஒருத்தி.

"நல்லவ வீட்டுக்கு வர்றப்ப சாமி பாரமா இருக்காது" என்றாள் பெனித்தா சித்தி.

பூப்போட்ட மேசையில் கிடத்தி, பாட்டுப் பாடி, எவுஃப்ராசியா போர்வையைப் பிரித்தாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பானெத்தோன். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் வெட்டுகிற அதே உருண்டை இனிப்பு ரொட்டி. அதில் பதித்த உலர்ந்த திராட்சை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. மானுவேலிட்டோ இப்படி மாறிவிட்டாரா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எவுஃப்ராசியா சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நாங்கள் அவள் பின்னால்.

நிக்கனோர் டிக்கியில் கடைசியாக இருந்த, கிறிஸ்துமஸ் குடிலில் விரிக்கிற பாசி மூட்டையை இறக்கி, தரைப் பலகையைத் தூக்கினான். ஸ்டெப்னிக் குழி. அதில் ஆட்டு ரோமம் அடைத்து, நடுவில் மானுவேலிட்டோ படுத்திருந்தார். பத்து விரலும் இருந்தன.

"சாமியச் சக்கரக் குழியில போட்டியா, பாவி" என்றாள் பெனித்தா சித்தி.

"வண்டியில ஆடாத இடம் அது ஒண்ணுதான் சித்தி" என்றான். குழந்தையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டான்.

எவுஃப்ராசியா முதலில் பத்து விரலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் கோபம் வந்தது. "ஊர் முன்னால ரொட்டிய மேசையில கிடத்திப் பாடினேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. குழந்த கீழ இருக்கு, சாமான் இறக்கிட்டுக் கொண்டாறேன்னேன். நீகூடத் தலையாட்டினியே."

"எப்ப சொன்ன?"

"இறங்கின உடனே. காதுகிட்ட வந்து."

"எந்தக் காதுல?"

நிக்கனோருக்குக் கை ஒழியவில்லை, குழந்தை இருந்தது. முகவாயால் அவளுடைய இடது பக்கத்தைக் காட்டினான்.

அவள் அந்தக் காதைத் தொட்டுக் காட்டினாள். "அதுல ஒண்ணும் கேக்காது நிக்கனோர்" என்றாள்.

"மந்தம்னுதான சொன்ன?"

"உனக்காகச் சொன்னேன். நீ அப்ப வண்டியையே வித்துடறேன்னு உக்காந்திருந்த. அன்னிலேருந்து அதுல ஒண்ணுமே கேக்காது."

அவன் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம்; அவன் இடது சீட்டு, அவள் வலது சீட்டு. பதினாலு வருஷமாக எந்தக் காதுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நான் வண்டியில சொன்னதெல்லாம்?"

"வண்டியில நீ பேசுவியா?" என்றாள் அவள். "ரோட்டப் பாத்து வாய் அசையும். ஜெபம் பண்றேன்னு நெனச்சேன். கலைக்க வேணாம்னு வெளிய பாத்துக்கிட்டு வருவேன். என்ன சொன்ன?"

நான் அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, பெனித்தா சித்தியை முழங்கையால் இடித்து, எல்லோரையும் உள்ளே ஓட்டினேன். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து அவளுடைய வலது பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அவள் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. மானுவேலிட்டோவுக்குச் சட்டை போட்டாள். சரியான அளவு.

சாமியை அங்கே வைத்தது பாவமா இல்லையா என்று ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. சாமியாரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். எனக்கு இப்போது வேறு தலைவலி. எவுஃப்ராசியா முன் சீட்டில் வருகிற நாளெல்லாம் அந்தக் கார் நேரத்துக்கு வருவதில்லை. பின்னால் இருக்கும் பயணிகள் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். அவனுக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால், நடுவழியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, வலது ஜன்னலில் குனிந்து சொல்லிவிட்டு, மறுபடி சுற்றிப் போய் ஏறி ஓட்டுகிறானாம்.