அக்காவின் வகுப்பும் என் பேத்தியும்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அக்காவோடு வேலை செய்த ஆசிரியர்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் என் வணக்கம். இந்த மலரில் குடும்பத்தின் சார்பாக ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். முறைப்படி எழுத வேண்டியவர்கள் அக்காவின் மகன்கள் இருவரும்தான். "மாமா, எங்க தமிழ் பரீட்சையோட முடிஞ்சு போச்சு. நீங்களே எழுதிடுங்க லா" என்று சொல்லி நழுவிவிட்டார்கள். நான் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் கிடங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எழுதிப் பழக்கமில்லாதவன். இந்த ஓராண்டில் உடம்பும் மனசும் வேறு களைத்துப் போய்க் கிடக்கின்றன. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுடைய பெண்ணுக்கு, அதாவது என் பேத்திக்கு, ஏழு வயது ஆகிறது. அவள் இன்னும் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அக்கா கடைசியாக என்னிடம் பேசியது அவளைப் பற்றித்தான். எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்த அக்காவால் இந்த ஒரு பிள்ளையைக் கொண்டுவர முடியவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ரயில் போகும்போது சுவரில் தொங்கும் மாதா படம் ஆடும். நேராக்கி வைப்பது அக்காவின் வேலை. மூத்த பெண் என்பதால் மற்ற வேலைகளும் அவர் தலையில்தான் விழுந்தன. அம்மா நோயில் படுத்த பிறகு, சோற்றை வடித்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து படித்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அப்பா ரயில்வே நண்பர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு திருமணமாகி மாமாவோடு கிள்ளானுக்குக் குடிவந்தார். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனார்.

சிறப்புக் கல்வி வகுப்புக்கு அக்கா போனதைப் பெரிய தியாகமாக யாரோ இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். உண்மை அதுவல்ல. அந்தப் பள்ளியில் புதிதாக அப்படி ஒரு வகுப்பு தொடங்கியபோது, யார் எடுப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா பிரசவ விடுப்பில் இருந்தார். கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தானே! விடுப்பு முடிந்து வந்தவருக்கு வகுப்பு காத்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அழுதார். அதற்கான பயிற்சியெல்லாம் பிறகுதான் கிடைத்தது.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், சாமான் அறையை ஒட்டி அந்த வகுப்பு. ஒரு பிள்ளைக்குப் பேச்சு வராது. ஒன்று உட்காராது. இன்னொன்று, சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடும். அக்காவும் ஓர் உதவியாளரும் மட்டும். எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், கழிப்பறைக்குப் போக, கைகழுவ, சட்டைப் பொத்தான் போட, தட்டில் உள்ளதைச் சிந்தாமல் சாப்பிடச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருப்பார். ஒரு பிள்ளை குழாயைத் திறந்து மூடப் பழகவே ஒரு பள்ளித் தவணை போய்விடும். விடுமுறை முடிந்து வந்தால் பாதி மறந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருப்பார். பெருமையாகப் பேச அவருக்குத் தெம்பு இருந்ததில்லை.

ஆரம்பத்தில் அந்தப் பிள்ளைகளை மற்றவர்களுக்கு முன்பாகவே ஓய்வு நேரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டமும் கூச்சலும் இல்லாமல் சாப்பிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அக்காவும் அதை நல்ல ஏற்பாடு என்றே நினைத்தார். சில ஆண்டுகள் அப்படியே ஓடின. ஒரு நாள் ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஏதோ வேலையாக வந்து அந்த வகுப்பை எட்டிப் பார்த்து, "டீச்சர், இவங்கெல்லாம் நம்ம ஸ்கூலா?" என்று கேட்டாளாம். 

அதற்குப் பிறகு, ஓய்வு நேரத்தில் எல்லாரோடும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் பிடிவாதம் பிடித்தார். முதல் வாரம் ஒரே ரகளை. சத்தம் தாங்காமல் பிள்ளைகள் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டன. கிடங்கில் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும், காதை மூடும் மஞ்சள் மூடிகளை எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லி நான் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளின் தலைக்கு அவை பெரியவை. உள்ளே துணியை வைத்துத் தைத்து அக்கா சரிப்படுத்தினார். பொது வகுப்புப் பிள்ளைகளில் ஆளுக்கு ஒருவரைத் துணையாகப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எனக்கும் அந்த மஞ்சள் வேணும் டீச்சர்" என்று மற்றப் பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு, முடிந்த பிள்ளைகளை ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பொது வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். எல்லா ஆசிரியர்களும் ஒத்துழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் ஒத்துழைத்தார்கள்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேறு வேலை. பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போவார் அக்கா. அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது, துணிச்சல்தான் இல்லை. ஆகவே ஓட்டுநர் நான். எத்தனை தடவை முணுமுணுத்திருப்பேன்! சில வீடுகளில் கதவைத் திறக்க மாட்டார்கள். சில வீடுகளில் மைலோ கலக்கிக் கொடுத்து வேறு கதை பேசி அனுப்பிவிடுவார்கள்.

பண்டமாரானில் ஒரு வீடு. பிள்ளையின் அப்பா லோரி ஓட்டுபவர். கேட்டிலேயே எங்களை நிறுத்திவிட்டார். "டீச்சர், எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. லேட்டா பேசுவா, அவ்ளோதான். அந்த ஓகேயு கார்டு எடுத்துட்டா நாளைக்கு அவ அக்காவ யாரு டீச்சர் கட்டிக்குவா?" என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கப் பதிவு அட்டையைத்தான் சொன்னார். அக்கா வாதாடவில்லை. அடுத்த மாதம் மறுபடி போனார். அதற்கடுத்த மாதமும் போனார். ஒரு நாள் அந்த அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் இருந்தார்.

"புள்ளைக்கு என்னா வயசும்மா?"

"ஒம்பது, டீச்சர்."

"இன்னும் ரெண்டு மூணு வருசத்துல பெரிய மனுசி ஆயிடுவா. துணி மாத்திக்க யாரு சொல்லிக் குடுப்பா? நீங்க இருக்கிற வரைக்கும் நீங்க மாத்தி விடுவீங்க. அதுக்கப்புறம்?"

அந்த அம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். பிறகு டாக்டர் சான்று, பதிவு, இடம் என்று மாதக்கணக்கில் அலைச்சல். அக்காவும் கூடவே அலைந்தார். அந்தப் பெண்ணுக்கு இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனால் தன் துணியைத் தானே மாற்றிக்கொள்கிறாள், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அக்காவின் வகுப்பில் தேர்ச்சி என்றால் அதுதான்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சாலாக் செலாத்தானில் என் மகள் வீட்டில், பேத்தியின் மூன்றாவது பிறந்தநாள். கேக் வெட்ட எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அவள் திரும்பவில்லை. ஓர் அலமாரிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தாள். பலூன் ஒன்று வெடித்தது. அப்புறம் அவளை அடக்கவே முடியவில்லை. எங்களுக்கெல்லாம் அது வெறும் அடம். அக்கா மட்டும் சமையலறைக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"பாப்பாவ ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடும்மா. சீக்கிரமா காட்டினா நல்லது."

என் மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை, உங்களுக்குப் பாக்குற புள்ளைங்க எல்லாம் உங்க கிளாஸ் புள்ளைங்களாவே தெரியுமா?"

 திரும்பி வரும்போது அக்கா காரில் சொன்னார்: "அவசரப்பட்டுட்டேன் தம்பி. வேற வீடா இருந்தா நாலு தடவ போயி, தண்ணி வாங்கிக் குடிச்சு, அப்புறம்தான் வாயத் தொறந்திருப்பேன். நம்ம வீடுதானேன்னு பட்டுன்னு சொல்லிட்டேன்."

அதோடு அத்தைக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். நடுவில் நான் கிடந்து இழுபட்டேன். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் வெட்கப்படாமல் நின்ற அக்காவுக்கு, சொந்தத் தம்பி மகள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியவில்லை.

என் மகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைக்காக வேலையை விட்டாள். வெளியில் போவதை விட்டாள். பிறகு டாக்டரிடமும் காட்டினாள்; டாக்டர் அக்கா சொன்னதையே சொன்னார். ஆனாலும் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். "ஸ்கூல்ல யாராச்சும் அடிச்சா, வந்து சொல்ல அவளுக்குத் தெரியாதுப்பா" என்றாள்.  அதற்குப் பதில் அக்காவிடம் இருந்திருக்கும். கேட்கத்தான் வழியில்லாமல் போயிற்று.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கப் போய்வர ஆரம்பித்த பிறகும் வகுப்பை விடவில்லை. கடைசியில் எழுந்து நிற்க முடியாத நிலை வந்தபோதுதான் விட்டார். மருத்துவமனையில் படுத்தபடி உதவியாளருக்குப் போன் போட்டு, எந்தப் பிள்ளை சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று விசாரித்துக்கொண்டிருப்பார். நாங்கள் போனைப் பிடுங்கி வைத்தால் கோபித்துக்கொள்வார். இறப்பதற்குச் சில நாள் முன்பு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பாவ ஸ்கூல்ல போடச் சொல்லு தம்பி. என் ஸ்கூலுக்கே வரணும்னு இல்ல. அவங்க வீட்டுப் பக்கத்துல எந்த ஸ்கூல்ல கிளாஸ் இருந்தாலும் சரி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத. சொன்னா அனுப்ப மாட்டா."

அந்த வார்த்தையைத்தான் இப்போது மீறுகிறேன். அக்கா பெயரைச் சொல்லாமல் இந்த ஓராண்டும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பாக்கலாம்பா" என்பாள். சாலாக் செலாத்தானுக்கும் கிள்ளானுக்கும் கார் ஓட்டி ஓட்டி எனக்கு அலுத்துவிட்டது. பேத்தி இப்போதும் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். வயதோ நமக்காகக் காத்திருப்பதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அக்காவைக் கடைசிவரை குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட மாமாவுக்கு முதல் நன்றி. நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், முறைவைத்துச் சமைத்து அனுப்பிய ஜெபக்குழுச் சகோதரிகளுக்கும், அக்காவோடு அத்தனை ஆண்டுகள் வகுப்பில் உழைத்த உதவியாளருக்கும், இப்போது அந்த வகுப்பை ஏற்றுக்கொண்டு சிரமப்படும் இளம் ஆசிரியைக்கும் நன்றி. அடக்கத்தன்று நாற்காலிகளைத் தன் லோரியிலேயே ஏற்றி இறக்கி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போன பண்டமாரான் அப்பாவுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னியுங்கள். எழுதுகிறவனுக்கு வயதாகிவிட்டது.

முடிக்கும் முன் ஒரு விஷயம். நான் பேனா பிடித்து எழுதுகிறவன். இதைக் கணினியில் தட்டி அச்சகத்துக்கு அனுப்பப்போகிறவள் என் மகள். "அத்தையப் பத்தினது, நானே அடிச்சுத் தரேன்பா" என்று அவளாகவே கேட்டாள். நேற்று அவளைப் போனில் கூப்பிட்டு, பாப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். "ஸ்கூலுக்கு அனுப்ப மனசு இல்லன்னா அவளப் பத்தி இருக்கிறத எல்லாம் எடுத்துடும்மா. தலைப்பையும் மாத்திடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். அனுப்புறதா இருந்தா அப்படியே விட்டுடு" என்றேன்.  "எழுதி முடிச்சுட்டுக் குடுங்கப்பா" என்றாள்.

நாளைக் காலை தாள்களை அவளிடம் கொடுத்துவிடுவேன். எதை எடுத்தாள், எதை விட்டாள் என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் கோவிலில் இந்த மலரைப் பிரிக்கும்போதுதான் நானும் பிரித்துப் பார்ப்பேன். அதில் என் பேத்தியைப் பற்றி நீங்கள் படித்திருந்தால், அவள் பள்ளிக்குப் போகிறாள்.