முப்பத்தாறு பெட்டி மூக்குக்கண்ணாடி

என் மனைவியின் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆலயச் சபையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பவர்'. எதிரில் வருகிறவர் கண்ணை இடுக்குகிற விதத்தைப் பார்த்தே, 'உங்களுக்கு அரை கூடியிருக்கு, கடைப்பக்கம் வாங்க' என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில்கூட விட மாட்டார். மாப்பிள்ளை எப்படி என்று ஒருமுறை கேட்டேன். 'இடது கண்ணு கொஞ்சம் மக்கர் பண்ணுது' என்றார். அவரோடு வெளியே போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவர் மனைவி தவறிப்போனார். பிள்ளைகள் இல்லை. கடையைத் திறப்பார், மூடுவார், எங்கள் வீட்டில் வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது தயவல்ல, கடமை என்று பிரசங்கம் செய்தார். கேட்ட எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினோம். மச்சான் மட்டும் மறுநாள் கடை வாசலில், 'பழைய கண்ணாடி இருந்தால் தாருங்கள், இல்லாதவர்களுக்குப் போகும்' என்று எழுதி ஒட்டினார்.

"பழைய கண்ணாடிக்குப் பேரீச்சம்பழம் தருவீங்களா மச்சான்?" என்று நான் சீண்டினேன். அவர் சிரித்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையை அவர் செய்த மாதிரி வேறு யாரும் செய்ய மாட்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் முழுக்க அதற்குத்தான். ஒவ்வொரு கண்ணாடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துருப்பிடித்த திருகை மாற்றி, மூக்கில் உட்காருகிற இடத்துக்குப் புதிய மெத்தை போட்டு, கருவியில் வைத்துப் பவரைப் பார்ப்பார். 'படிக்க', 'தூரம் பார்க்க' என்று சீட்டு எழுதி, என் மனைவி தைத்துக் கொடுத்த துணிப்பையில் போடுவார். கீறல் விழுந்ததைத் தூக்கி எறிந்துவிடுவார். "இல்லாதவங்கன்னா கீறல் போதும்னு அர்த்தமா?" என்பார்.

மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி நிறையும். அதைச் சபைச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். செயலாளரும் மச்சானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வருடா வருடம் அந்த மனிதர் அறிக்கை வாசிப்பார், தொலைவிலுள்ள ஏழைகள் இத்தனை பேர் பார்வை பெற்றார்கள் என்று. சபை முழுக்க ஆமென் சொல்லும். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைப்பார். "எங்கேயோ ஒருத்தர் இப்ப ஊசியில நூல் கோத்துக்கிட்டிருப்பாரு" என்பார் என்னிடம். அந்த 'எங்கேயோ ஒருத்தரை' நம்பித்தான் அவர் காலையில் எழுந்து கடை திறந்தார். இது எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், அந்தச் செயலாளருக்கும் தெரியும்.

போன மாதம் ஆலயத்தின் மாடியில் கூரை ஒழுகியது. சாமான் அறையைக் காலி செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். நானும் மச்சானும் போனோம். ஆலயம் பெருக்குகிற அம்மா சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். மூலையில் தூசி விடுகிறாள் என்று கமிட்டி அவரை மாதக் கடைசியோடு நிறுத்தப்போகிறது என்று வருகிற வழியில்தான் மச்சானிடம் சொல்லியிருந்தேன்.

உடைந்த பெஞ்சுகளை நகர்த்தினோம். பின்னால் சுவர் உயரத்துக்குப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மச்சானின் கையெழுத்தில் 'இல்லாதவர்களுக்கு மட்டும்'. ஒட்டிய டேப்பைக்கூட எவனும் பிரிக்கவில்லை. நான் எண்ணினேன். முப்பத்தாறு. ஒன்றுகூடக் குறையவில்லை.

மச்சான் ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. நேரே கீழே போய்ச் செயலாளரை மேலே வரச் சொன்னேன். மரியாதையாகவெல்லாம் சொல்லவில்லை.

வந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. மச்சானைப் பார்த்து, "பழச எப்படிடா சபை பேர்ல குடுக்கிறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க? புதுசாவே வாங்கிக் குடுக்கலாம்னு கமிட்டில பேசினோம்" என்றார்.

"குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் முடிவாகலை."

"ஒன்பது வருஷமாவா?" என்றேன் நான்.

மச்சான் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீ அறிக்கைல வாசிச்சவங்கல்லாம் யாருடா?"

"நீ சந்தோஷமா இருந்தடா. அதை ஏன் கெடுக்கணும்னுதான்."

திருடியிருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. காதில் பூச்சுற்றிவிட்டு அதற்கு அன்பு என்று பெயரும் வைக்கிறான் மனிதன். நான் சட்டைக் கையை மடித்தேன். மச்சான் என்னைத் தடுத்துவிட்டு, வாசலில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உனக்குத் தூரம் தெரியலையா?"

"ரொம்ப நாளா மங்கலாத்தான் இருக்குண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"அது இல்லாதவங்களுக்குன்னு சொன்னாங்கண்ணே. எனக்குத்தான் இங்க சம்பளம் வருதே."

இந்தப் பெட்டிகளைத் தூசி தட்டி அடுக்கி வைத்ததே அவர்தானாம். ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணைக் கண்டுபிடித்தவர், வாராவாரம் தனக்குக் கதவு திறந்துவிட்டவளின் கண்ணைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். நான் மட்டும் என்ன, அந்த அம்மா ஆராதனையில் எந்த வரிசையில் உட்காருகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

மச்சான் டேப்பைக் கிழித்தார். மாடிக் கைப்பிடி அருகே அவரை நிறுத்தி, கீழே பீடத்துப் பக்கம் தொங்கிய பாட்டு எண் பலகையைப் பார்க்கச் சொன்னார். சீட்டைப் படித்துப் படித்து ஒன்றுமாற்றி ஒன்று மாட்டிவிட்டார். ஏழாவது கண்ணாடியில் அந்த அம்மா மூன்று எண்களையும் தடுமாறாமல் வாசித்தார்.

பிறகு அந்தக் கண்ணாடியோடு அறைக்குள் திரும்பினார். சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. சுவரோரமாகக் குனிந்து மூலை மூலையாகப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. செயலாளரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. சுத்தமாப் பெருக்கிறேன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன். இவ்வளவு தூசிய விட்டிருக்கேன்."

செயலாளர் தரையைப் பார்த்தார். மச்சான் கையிலிருந்த காலிப் பையை மடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று ஆண்கள் நின்ற அந்த அறையில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டது அந்த அம்மா ஒருத்திதான்.