அப்பாவின் சரமகவி

சரமகவி என்றால் என்னவென்று இன்று பாதிப் பேருக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ராயபுரத்தில் அப்போது யார் வீட்டில் பெரியவர் போனாலும், கருமாதியன்று அவர் பேரில் ஓர் இரங்கல் பாட்டு எழுதி, ஒற்றைத் தாளில் கறுப்புக் கட்டம் கட்டி அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். பந்திக்கு முன்னால் யாராவது அதை ராகம் போட்டு வாசிப்பார்கள். கூட்டம் அழும். அழுது முடித்தபிறகு இலை போடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் வீட்டிலும் இது உண்டு. மேளம் இல்லாமல்கூடச் சாவு எடுத்துவிடலாம், சரமகவி இல்லாமல் கருமாதி செய்தால் தெருவில் தலைகாட்ட முடியாது.

என் அப்பா கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற கூலி. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ஒரே பெண். கான்வென்டில் இலவசமாகப் படித்து, அப்போதுதான் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் திருவொற்றியூரிலிருந்து பெரியப்பா மகன் வந்து கொள்ளி வைத்தான். அண்ணன் நல்லவன். தீப்பெட்டி ஆலையில் வேலை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து காலில் விழுந்துவிட்டுப் போவான். அவன்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. என் கோபமெல்லாம் அந்தப் பாட்டின் மேல்தான்.

பாட்டு எழுதியவர் விறகுத் தொட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு புலவர். எங்கள் பக்கத்துச் சாவுகளுக்கெல்லாம் அவர்தான் கவி. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அப்பாவைப் பற்றி விசாரித்தார். அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். பெரியப்பாதான் பேசினார், நல்லவன், சூதுவாது தெரியாதவன் என்று. புலவர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"டீச்சரம்மா, நீங்க எதுனா சொல்லுங்க. எனக்கே எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கீதேன்னு பேஜாரா கீது."

நான் சொன்னேன். சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் அப்பா தெருக்குழாயில் குளிப்பார். என்ன தேய்த்துக் குளித்தாலும் காது மடலின் உள்வளைவில் கரி போகாது. விளக்கடியில் அவரை உட்காரவைத்து, பழைய புடவைத் துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, விரலில் சுற்றித் துடைத்துவிடுவேன். சின்ன வயசிலிருந்து அது என் வேலை. "போதும் வுடும்மா, காது கயண்டுக்கப் போவுது" என்பார். ஆனால் தலையை நகர்த்த மாட்டார். படுத்த படுக்கையாக இருந்தபோதும் துடைத்தேன், அப்போது அங்கே கரியே இல்லை. புலவர் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெண்பிள்ளைகளின் பெயரைச் சரமகவியில் போட மாட்டார்கள். அடியில் 'இங்ஙனம்' என்று கொள்ளி வைத்தவன் பெயர்தான் வரும். பெயர் போனால் போகட்டும், இந்த மனுஷனுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள் என்று பாட்டுக்குள் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கருமாதியன்று காலையில் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. மை வாசனை போகாத தாளைக் கையில் எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு நடத்துகிற புத்தியோடு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

'ஆலமரம் போலெம்மை ஆதரித்த தந்தையே' என்று தொடங்கியது. எங்கள் சந்தில் ஆலமரம் ஏது? இருந்ததெல்லாம் துறைமுகத்து மதில். ஆலமரம் பரந்து நிற்கும், அப்பாவோ கூடை சுமந்து சுமந்து கழுத்து உள்ளே போன மனிதர். அவருடைய நிழலில் இரண்டு பேர் நெருக்கித்தான் நிற்க முடியும். அடுத்த வரியில் 'அணையா விளக்கு' அணைந்துவிட்டது. அணையாத விளக்கு எப்படி அணையும் என்று புலவர் யோசிக்கவில்லை. அதற்கடுத்து 'பொன்மேனி'. அப்பாவின் மேனியைப் பொன் என்றால் கரிக்கப்பலில் வேலை பார்த்த அத்தனை பேரும் சிரிப்பார்கள். இந்த வார்த்தைகளெல்லாம் போன மாதம் எதிர்வீட்டுக் கிழவருக்கும் வந்திருந்தன. வாடகைப் பாத்திரம் மாதிரி சாவுக்குச் சாவு கைமாறுகிற வார்த்தைகள்.

கடைசிக்கு முந்தின செய்யுளுக்கு வந்தேன்.

'கரிபடிந்த காதினையென் கைதுடைக்க இன்னுமொரு
தரமேனும் வாராயோ தந்தையே தந்தையே
பெரியதொரு மகனென்றே பேணியெனை வளர்த்தவரே
உரியமகன் நானிங்கே ஒருவனாய் வாடுகின்றேன்.'

இதைத் திட்ட வேண்டுமென்று எவ்வளவோ பார்த்தேன். முதல் இரண்டு வரியைத் திட்ட முடியவில்லை, இன்றும் முடியாது. எண்ணெயை விட்டுவிட்டார், துணியை விட்டுவிட்டார், காது கழன்றுவிடும் என்கிற கேலியையும் விட்டுவிட்டார். கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் சரி. மற்ற வரிகளில் செத்துப்போனது யாரோ ஒரு மகாபுருஷர், இங்கே மட்டும் ஒரு காது இருக்கிறது, அதில் கரி இருக்கிறது. 'இன்னுமொரு தரமேனும்' என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. படுக்கையில் கரியில்லாத காதைத் துடைத்தபோது மனசுக்குள் நினைத்தது அது. அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தையைப் படித்ததும் அப்பா செத்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகுதான் அடுத்த இரண்டு வரி உறைத்தது. என் கையை எடுத்து அண்ணனுக்கு ஒட்டிவைத்திருந்தார்கள்.

பந்தல் வாசலில் நின்றிருந்த புலவரிடம் தாளை நீட்டிக் கேட்டேன்.

"இது நான் உங்களிடம் சொன்னதில்லையா?"

"நீங்க சொன்னதுதாம்மா. அதான் அந்த எடம் நல்லா வந்துகீது."

"அண்ணன் ஒருநாளும் இதைச் செய்ததில்லையே."

அவர் சங்கடப்பட்டார். "கொள்ளி வச்சவரு வாயால சொல்ற மாதிரிதாம்மா சரமகவி பாடறது. அதான் வயக்கம். பொண்ணு வாய்ல வச்சா யாரும் அச்சடிக்க மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுவரை நான் கேட்ட எந்தச் சரமகவியிலும் மகள் பேசியதில்லை. வழக்கத்திடம் போய் யார் சண்டை போடுவது? நான் உள்ளே வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வாசிக்கிற நேரம் வந்தபோது அண்ணனுக்குப் படிப்பு வராது என்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "நம்ம வூட்லயே டீச்சர் கீறப்போ இன்னாத்துக்கு வேற ஆளு? நீயே பட்ச்சிடும்மா" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எழுந்து நின்று படித்தேன். ஆலமரத்துக்கும் விளக்குக்கும் சம்பிரதாயமாக மூக்கை உறிஞ்சினார்கள். காதுக்கு வந்ததும் பந்தலே கலங்கியது. அப்பாவோடு கரி சுமந்தவர்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள். சிலருடைய கை அவர்களுடைய காதுக்கே போனது. மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான், அது நடிப்பில்லை. எல்லாரும் போய் அவனைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் தாளை இறக்கிவிட்டு, "இதைச் செய்தது நான்" என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். அத்தை ஒருத்தி ஓடிவந்து என் வாயைப் பொத்தி மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

"பாவம், பொண்ணு துக்கத்துல இன்னா பேசறோம்னு தெரியாம பேசிகினு கீது" என்றாள்.

மிச்சத்தை வேறு யாரோ படித்து முடித்தார்கள். இலை போட்டார்கள்.

அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. அதனால் அந்தத் தாளையே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள் அம்மா. வருஷா வருஷம் தெவசத்தன்று அதற்கு மாலை போட்டு, பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாள். நான் கல்யாணமாகிப் பெரம்பூருக்குப் போய்விட்டேன். அண்ணனுக்கு அந்தப் பாட்டு ஒரு பேறாகவே அமைந்துவிட்டது. மாசாமாசம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டான். சித்தப்பா காதை இந்தக் கையால் துடைத்தேன் என்று தன் குழந்தைகளிடமும் சொல்வான் போலிருக்கிறது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் எதை நம்பினாலும் பார்த்த கண் ஒன்று பாக்கியிருக்கிறது, அம்மா இருக்கிறாள் என்று ஒரு தைரியம் எனக்கு இருந்தது. அத்தனை சாயந்திரமும் அவள் அதே அறையில் அடுப்படியில் உட்கார்ந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தவள்.

ஒரு தெவசத்துக்குப் போயிருந்தேன். புதிதாகக் குடிவந்த ஒருத்தி சட்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சட்டத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரு மேல பாடினது. கொள்ளி வச்ச புள்ளதான் பெத்த புள்ள மாறி டெய்லி அவுரு காதத் தொடச்சி வுட்டுகினு இருக்கும். யாரு செய்வா அப்டி?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, அது நான்தானே?" என்று கேட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புத்தி நன்றாகத்தான் இருந்தது, கண்ணும் நன்றாகத்தான் இருந்தது.

"நீ பொஸ்தகம் பட்ச்சிகினு இருந்தே, உனுக்கு எங்க தெரியும்? நான் அடுப்பாண்ட குந்திகினு பாத்தேனே" என்றாள்.

அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். ஒருவர் போய்விட்டார், இன்னொருத்தி இப்படிச் சொல்கிறாள். இப்போதெல்லாம் கண்ணை மூடி அப்பாவை நினைத்தால் விளக்கடியில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, சாய்த்த தலை தெரிகிறது. காதுப் பக்கத்தில் அண்ணனுடைய கைதான் இருக்கிறது.