எனக்கும் அப்பாவுக்கும் ஒரே மாத்திரை

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் பரு வந்து, காய்ந்து, மறைந்துபோன பிறகுதான் எனக்கு வரத் தொடங்கியது. அப்போது வயது இருபத்தாறு. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து வந்து மின்சார ரயில் பிடிப்பேன். நெற்றியும் கன்னமும் சுத்தமாக இருக்கும். தாடை ஓரத்திலும் மோவாயிலும் மட்டும், தோலுக்கு அடியில் பட்டாணி பட்டாணியாகத் திரளும். வெளியே வராது, உள்ளேயே இருந்துகொண்டு வலிக்கும். தலையணையில் கன்னம் வைத்துப் படுக்க முடியாது. ஒன்று அடங்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் மோசமாகும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ரயிலில் பெண்கள் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பேர்கூடக் கேட்காமல், "மலச்சிக்கல் இருக்கா?" என்று கேட்டார். ஆபீஸில் கூட வேலை பார்த்தவள் வேர்க்கடலையை விடச் சொன்னாள். அம்மாவுக்கு எல்லாம் சூடுதான். சைக்கிளில் இளநீர் கொண்டுவருகிறவரிடம் சொல்லிவைத்து, தினமும் காலையில் எனக்கு ஒன்று வெட்ட வைத்தாள். தெருமுனை டாக்டர் ஏதோ கேப்சூல் கொடுத்தார். சாப்பிட்டவரை அடங்கியிருந்தது. வயிறு கெட்டுப்போய் நிறுத்தினேன். மறுபடி கிளம்பியது. தோல் உரிகிற களிம்பு ஒன்றும் போட்டுப் பார்த்தேன். முகம் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். உருண்டைகள் அப்படியே உள்ளே இருந்தன.

இதற்குள் இரண்டு இடத்தில் பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லவில்லை. முகத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மேற்குத் தாம்பரத்தில் தோல் டாக்டர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, பேச்சில் கறார். என் முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். கேட்ட கேள்வியெல்லாம் வேறெங்கோ போயின. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, மோவாயில் முடி முளைக்கிறதா, தலைமுடி கொட்டுகிறதா. முகத்தைக் காட்ட வந்தால் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று விழித்தேன். இரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த முறை போனபோது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார்.

"இது பிரஷருக்கும் நீர் பிரியறதுக்கும் கொடுக்கிற மாத்திரை. உனக்குப் பிரஷர் இல்லை. வேற காரணத்துக்குக் கொடுக்கறேன்."

"என்ன காரணம் டாக்டர்?"

"ஆம்பளைங்களுக்கு இருக்கிற ஹார்மோன் பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் உண்டு. உன் தோலு அதுக்கு ரொம்ப எதிர்வினை காட்டுது. இந்த மாத்திரை அதை மட்டுப்படுத்தும். ரெண்டு மூணு மாசம் ஆகும், பொறுமையா இருக்கணும். இளநீர் வேணாம், வாழைப்பழம் அளவா. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ஏறிடும்."

ஆம்பளை ஹார்மோன் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. அது தெரிந்தோ என்னவோ, கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"முக்கியமானது இது. இந்த மாத்திரை சாப்பிடறப்போ கர்ப்பம் ஆகக் கூடாது. குழந்தைக்கு ஆகாது. கல்யாணம் நிச்சயமானா முதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும். நிறுத்திடுவோம்."

"நிறுத்தினா பரு திரும்ப வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"முகம் சரியானாத்தான் கல்யாணம் ஆகும்னு அம்மா சொல்றாங்க. கல்யாணம்னா மாத்திரையை விடணும்னு நீங்க சொல்றீங்க. அப்போ எதுக்கு டாக்டர் இது?"

அவர் என்னைப் பார்த்தார். "வலிக்குதா, இல்லையா?"

"வலிக்குது."

"அதுக்குத்தான்."

குரோம்பேட்டையில் நாங்கள் எப்போதும் மருந்து வாங்கும் கடையில் சீட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அப்பாவுக்கு டாக்டரை மாத்திட்டீங்களாம்மா?"

"இல்லண்ணா. எனக்கு."

"உனக்கா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கும் ஹார்ட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு இதயம் பலவீனம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். காலையில் அவர் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று இதுதான். அதே அட்டை, அதே நிறம். நான்தான் மாதாமாதம் வாங்கிக்கொண்டு போவேன். பேரைப் படித்ததே இல்லை.

"பருவுக்குண்ணா," என்றேன்.

அவர் சீட்டில் டாக்டர் பேரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் ரகசியமாக வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அலமாரியில் அப்பாவின் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டு நாள் கழித்து அப்பா இரண்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பேரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதாம்பா. முகத்துக்குக் கொடுத்திருக்காங்க."

"முகத்துக்கா," என்றார். இரண்டு அட்டையையும் அலமாரியில் திரும்ப வைத்தார். அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள்.

இளநீர்க்காரரிடம் இனிமேல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். "இன்னாம்மா, எளநி வாணாம்னு சொல்ற டாக்டர் கீறாரா ஒலகத்துல?" என்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அம்மாவுக்கு அது பெரிய குறை. அப்பாவின் டாக்டரும் முன்பே இளநீர் கூடாது என்று சொல்லியிருந்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் சொல்றாங்க," என்றாள்.

அடுத்த முறை தாம்பரம் போனபோது டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "உங்கப்பா வந்திருந்தாரே, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அப்பா வாசலில் கொஞ்ச தூரம் நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறவர். பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, ரயில்வே மேம்பாலத்துப் படியெல்லாம் ஏறி இறங்கி, வரிசையில் உட்கார்ந்திருந்து டாக்டரைப் பார்த்திருக்கிறார். "என் நோய் என் பொண்ணுக்கும் வந்துடுச்சா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாராம். இல்லை என்று சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லையாம். டாக்டர் அவரையே பரிசோதித்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்ப்பா, என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீ முகத்துக்குன்னு சொன்னே."

"டாக்டர் சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. மனசுலதான் ஏறலை," என்றார். "எனக்குக் காலு வீங்குது, இந்த மாத்திரை. உனக்கு முகம் வீங்குது, அதே மாத்திரை. இதை நான் எப்படி எடுத்துக்கறது, சொல்லு."

டாக்டர் சொன்ன ஹார்மோன் சமாச்சாரத்தை அப்பாவிடம் விளக்கக் கூச்சமாக இருந்தது. எனக்கே அது பாதிதான் புரிந்திருந்தது. குளியலறைக் கண்ணாடியில் மேலுதட்டைத் தினமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தது, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான். எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ரயிலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், வலிக்கவில்லை. தாடை ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். பழைய தழும்புகள் இருந்தன. உருண்டை ஒன்றுகூட இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். இது எத்தனை நாளைக்கு என்ற யோசனைதான் முதலில் வந்தது.

அந்த வருஷமே மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு சிமெண்டு, கம்பி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஊர்ச் சிவன் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா என்னிடம் நிறையப் பேசினார். மாப்பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மறுநாளே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "இன்னியோட நிறுத்திடு," என்றார்.

அவர்கள் பார்த்தது மாத்திரை சாப்பிட்ட முகம். கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கப்போவது வேறு. இதைச் சொல்ல வேண்டுமா, சொன்னால் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் ஏமாற்றியதாகுமா என்று மண்டை குழம்பியது. கடைசியில் ஆபீஸிலிருந்து மாப்பிள்ளையின் கடைக்கு போன் செய்தேன். தாம்பரத்தில் ஒரு ஜூஸ் கடையில் சந்தித்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் மாத்திரை, ஹார்மோன், நிறுத்தியது, திரும்ப வரக்கூடும் என்பது எல்லாம்.

அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நான் உங்க முகத்தைச் சரியாப் பாக்கலைங்க," என்றார். "எங்கக்காதான் பாத்தாங்க. நான் தூணைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"திரும்ப வந்தா வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும்."

"அப்போ டாக்டரைக் கேட்டு வேற ஏதாவது பாக்கலாம்," என்றார். வீட்டில் அவரே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவர் அக்காவிடம் சொன்னது, அக்கா அவர் அம்மாவிடம் சொன்னபோது வேறாகிவிட்டது. அடுத்த வாரம் அக்காவும் ஒரு மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபியைத் தொடவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு ஹார்ட் மாத்திரை சாப்பிடுதாமே. அப்பாவுக்கு இருக்கிறது பொண்ணுக்கும் உண்டோன்னு வீட்ல கேக்கறாங்க," என்றார் மாமா.

நான் பேசலாமா கூடாதா என்று சமையலறை வாசலில் நின்றேன். அப்பாதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானே அந்த டாக்டரைப் போய்ப் பாத்துக் கேட்டவன்," என்றார். "ஒரே மாத்திரைதான். எனக்கு நீரை எறக்கக் கொடுக்கறாங்க. அவளுக்கு உடம்புல ஒரு சுரப்பு அதிகமா வேலை செய்யுது, அதைத் தணிக்கக் கொடுத்தாங்க. கத்தி ஒண்ணுதான். காயும் நறுக்கலாம், பழமும் நறுக்கலாம்."

பிறகு வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தித் தன் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. "இது ஹார்ட். அவ காலையும் அமுக்கிப் பாத்துக்கோங்க."

அந்த அக்கா நிஜமாகவே எழுந்து வந்து, என் புடவையைச் சற்று விலக்கி, கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. "சரியாத்தான் இருக்கு மாமா," என்றார். பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "மனசுல ஏறலைன்னு சொன்னீங்களே?"

"அவங்களுக்குச் சொல்லும்போது ஏறிடுச்சு," என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் பருக்கள் திரும்பின. மாடம்பாக்கத்துத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமியார். பழைய தண்ணீரிலும் வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் டாக்டரிடம் கூட வந்தார். குழந்தை வேண்டுமென்றால் பூச்சு மருந்து மட்டும்தான் என்றார் டாக்டர். அதைப் போட்டுக்கொண்டு, பாதி வலியோடு ஓட்டினேன். கர்ப்பமானதும் தாடை முழுக்கக் கிளம்பியது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, அடங்கிவிட்டது. பிரசவம் ஆகி, மகள் பால் மறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி அதே மாத்திரை. இந்த முறை குழந்தை உண்டாகாமலிருக்கத் தடுப்பும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சில வருஷம் சாப்பிட்டு, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். பரு பிறகு வரவில்லை.

மாத்திரையால் போனதா, வயதானதால் போனதா என்று அவரிடம் கேட்டேன். "உன் விஷயத்துல எதுன்னு என்னால சொல்ல முடியாது. திரும்ப வந்தா வா," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரம் போயிருந்தபோது அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகள் அவர் மடியில் உட்கார்ந்து அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போ மாத்திரை ஒண்ணும் இல்லையா?"

"இல்லப்பா."

"அப்புறம் எப்படி நின்னுது?"

"தெரியலப்பா. டாக்டருக்கும் தெரியலையாம்."

அவர் கண்ணாடியை மகளிடமிருந்து வாங்கித் துடைத்துக்கொண்டே, "அந்த அம்மா நல்ல டாக்டர்," என்றார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது."